அணியின் கஜானா: ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ விளையாட்டில் பணத்தை ஆளும் முறை

‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ கணினி விளையாட்டில் ஆடுபவர் மட்டை பிடிப்பதில்லை, பந்து எறிவதில்லை. ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சோன் 1999-இல் முதல் பதிப்பை வெளியிட்ட நாளிலிருந்து ஆடுபவருக்குக் கிடைக்கும் இடம் அணியின் பொது மேலாளர் நாற்காலிதான். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை ஆண்டு எவ்வளவு கொடுப்பது என்பதே ஆட்டம். முதல் சீசனில் கைநிறையச் செலவழித்து வென்ற அணி நான்காம் சீசனில் தரைதட்டுவது வழக்கம். அன்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களின் பின்பாதி அப்போதுதான் பாரமாக வந்து உட்காரும். ஆகவே மேலாளரின் கண் எப்போதும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் இருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்கே.

இங்கே தரப்படும் தொகைகள் இன்றைய அமெரிக்க மேஜர் லீக் விதிகளுக்கு உரியவை. கற்பனை லீக்கோ பழைய காலத்து லீக்கோ அமைத்து ஆடினால் தொகை மாறும், செய்யும் வரிசை மாறாது. ‘எம்எல்பி தி ஷோ’ விளையாட்டில் அணியைப் பல ஆண்டுகள் நடத்தும் பகுதிக்கும் ஒப்பந்தம் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன்

1. ஆட்டத்தைச் சேமித்து, அதன் நகல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு நகல் போதும். கோப்பு கெட்டுப்போனால் பத்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

2. லீக் விதிகள் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: குறைந்தபட்சச் சம்பளம், லக்சுரி டாக்ஸ் (மிகைச் சம்பள வரி) உண்டா இல்லையா, அதன் வரம்பு, சீசன் முடிவில் மிஞ்சும் பணம் அணியிடம் தங்குமா.

3. எந்தெந்த முடிவுகள் உதவி மேலாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒப்பந்த நீட்டிப்பும் ஆர்பிட்ரேஷனும் (நடுவர் வழியே சம்பளம் தீர்மானிப்பது) தானியங்கியாக விடப்பட்டிருந்தால், மேலாளருக்குத் தெரியாமலேயே கணினி கையெழுத்துப் போட்டுவிடும். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

4. கமிஷனர் அதிகாரத்தை அணைத்துவிட வேண்டும். அது திறந்திருந்தால் பணம் தீரும்போதெல்லாம் தொகையைத் திருத்தக் கை நீளும். திருத்தத் தொடங்கிய பிறகு இந்த விளையாட்டில் ஆடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

வரவு

நிதிப் பக்கத்தில் வரவு ஆறு வழியில் வரும்: நாள் டிக்கெட், சீசன் டிக்கெட், ஒளிபரப்பு உரிமை, அணிப் பொருள் விற்பனை, பிளேஆஃப் வருமானம், லீக்கின் வருவாய்ப் பகிர்வு. நகரச் சந்தையின் அளவு, ரசிகர் ஆர்வம், ரசிகர் விசுவாசம் ஆகிய மூன்றும் இவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆர்வம் வெற்றியோடு ஏறி இறங்கும். விசுவாசமும் சந்தை அளவும் மெதுவாகவே நகரும். சிறிய ஊர் அணியை எடுத்தவர் இரண்டே சீசனில் நியூயார்க் அணியின் வருவாயை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் செலவு வரம்பை வருவாய் நேரடியாக முடிவு செய்வதில்லை. உரிமையாளர்தான் பட்ஜெட்டை நிர்ணயிக்கிறார். அவருக்கென்று ஒரு குணம் உண்டு. ஒருவர் தாராளமாக விடுவார், இன்னொருவர் லாபம் பார்ப்பார். அவர் வைக்கும் இலக்குகளை எட்டினால் அவரது மனநிலை உயரும், எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் உரிமையாளரின் இலக்குப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும்.

டிக்கெட் விலை மட்டுமே மேலாளரின் கையில் நேராக இருக்கும் வரவு. அதை மாற்றும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீசனுக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த மைதானத்தில். சராசரியாக 30,000 பேர் வருகிறார்கள், டிக்கெட் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், 2 டாலர் ஏற்றினால் கூட்டம் குறையாதவரை ஆண்டுக்கு 48.6 லட்சம் டாலர் கூடும். கூட்டம் ஆட்டத்துக்கு 28,125-க்குக் கீழே போனால் அந்த ஏற்றம் நஷ்டம்.

*குறிப்பு:* விலையைச் சீசன் தொடங்கும் முன், சீசன் டிக்கெட் விற்பனைக்கு முந்தியே மாற்றுவது நல்லது. மைதானம் அடிக்கடி நிரம்பினால் ஏற்றலாம். தோற்ற சீசனுக்கு மறுவருஷம் ஏற்றக் கூடாது.

செலவு

ஆட்டக்காரர் சம்பளம் பெரும்பங்கு. அதற்குப் பின் பயிற்சியாளர் சம்பளம், ஸ்கவுட்டிங், ஆட்டக்காரர் மேம்பாடு, டிராஃப்ட் போனஸ், வெளிநாட்டு இளைஞர் ஒப்பந்தம். பணம் முட்டும்போது மேலாளர்கள் முதலில் கத்தரிப்பது ஸ்கவுட்டிங்கையும் மேம்பாட்டையும்தான். இது தவறான இடத்தில் வைக்கும் கத்தரி. அந்தச் செலவின் பலன் மூன்று, நான்கு ஆண்டு கழித்து மைனர் லீக்கிலிருந்து மேலே வரும் மலிவான ஆட்டக்காரர்களாகத் திரும்பி வருகிறது. சிறிய ஊர் அணிக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பு வழி கிடையாது. வெட்டியே ஆக வேண்டுமானால் நடுத்தர ரிலீஃப் பிச்சர்களின் சம்பளத்தில் வெட்டலாம். அவர்களுக்கு மாற்று ஆள் எப்போதும் குறைந்த விலைக்குக் கிடைப்பார்.

பணிக்காலம்: மலிவான ஆறு ஆண்டுகள்

அணியின் கணக்கு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆட்டக்காரரின் பணிக்காலமாகச் சேரும். 172 நாள் சேர்ந்தால் ஓர் ஆண்டு. அதன்படி மூன்று கட்டங்கள் வருகின்றன.

முதல் மூன்று ஆண்டு, கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளம். 2026-இல் அது 7.8 லட்சம் டாலர். லீக்கின் சிறந்த ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தாலும் அணி அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த மூன்று ஆண்டு, ஆர்பிட்ரேஷன். அணியும் ஆட்டக்காரரும் ஆளுக்கொரு தொகை சொல்ல, நடுவர் தீர்மானிப்பார். வெளிச்சந்தை மதிப்பில் முதல் ஆண்டு 40, இரண்டாம் ஆண்டு 60, மூன்றாம் ஆண்டு 80 விழுக்காடு என்று வைத்துத் திட்டமிடலாம். இது மதிப்பீடுதான், விதி அன்று. இரண்டு ஆண்டுக்கு மேல் மூன்றுக்குள் பணிக்காலம் உள்ளவர்களில் மேல்நிலை 22 விழுக்காட்டினர் ‘சூப்பர் டூ’ என்ற பெயரில் ஓராண்டு முன்னதாகவே இந்தக் கட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவரிடம் போகலாம்.

இதன் விளைவு நிஜ லீக்கிலேயே நன்றாகத் தெரியும். சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை 2015 ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓராண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த புகார் 2020-இல் தள்ளுபடியானது. விளையாட்டிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. தலைசிறந்த இளைஞரைச் சீசனின் முதல் இரண்டு, மூன்று வாரம் மைனர் லீக்கில் வைத்துவிட்டு அழைத்தால் அவருடைய உச்ச வயதில் ஓர் ஆண்டு கூடக் கிடைக்கும். ஆனால் பிளேஆஃப் போட்டியில் இருக்கும் அணி ஏப்ரலில் இரண்டு ஆட்டம் தோற்பதும் செலவுதான். பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கும் ஆண்டில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சம்பள அட்டவணை போடுதல்

நிதிப் பக்கத்தில் ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்கு இருக்கும் பணமும் ஒப்பந்த நீட்டிப்புக்கு இருக்கும் பணமும் தனித்தனித் தொகையாகத் தெரியும். அந்த இரண்டு எண்ணை மட்டும் நம்பி நடக்கக் கூடாது. தாளிலோ கணினி அட்டவணையிலோ தனியாக ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்:

1. ஆட்டக்காரர் பெயர், வயது, பணிக்காலம் எழுதி, இந்த ஆண்டும் அடுத்த நான்கு ஆண்டும் என ஐந்து கட்டம் போடுக.

2. கையெழுத்தான சம்பளத்தை அந்தந்தக் கட்டத்தில் நிரப்புக.

3. ஆர்பிட்ரேஷனுக்கு வரப்போகிறவர்களுக்கு 40, 60, 80 கணக்கில் உத்தேசத் தொகை எழுதுக. இந்தப் படியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ‘எங்கே போனது பணம்’ என்ற திகைப்பு வருகிறது. நான்கு நல்ல இளைஞர்கள் ஒரே ஆண்டில் இரண்டாம் கட்டத்துக்குள் நுழைந்தால் சம்பளச் சுமை ஒரே தாவாகத் தாவும்.

4. காலியான இடங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் போட்டு 26 பேரை நிரப்புக.

5. ஒவ்வொரு ஆண்டின் கூட்டுத்தொகையையும் இன்றைய பட்ஜெட்டோடு ஒப்பிடுக. மூன்றாம் ஆண்டுக்கு இப்போதே 70 விழுக்காட்டுக்கு மேல் கட்டப்பட்டிருந்தால் புதிய நீண்ட ஒப்பந்தம் எதுவும் வேண்டாம்.

ஒப்பந்தம் எழுதுதல்

ஆட்டக்காரரின் உச்சம் பொதுவாக 26 முதல் 29 வயது வரை. 31 வயதில் ஆறு ஆண்டு கேட்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி, அவர் இனி ஆடப்போகாத ஆட்டத்துக்கான விலை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2016 ஜனவரியில் கிரிஸ் டேவிஸுக்கு ஏழு ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. அப்போது அவருக்கு 30 நெருங்கிக்கொண்டிருந்தது. 2018-இல் அவரது பேட்டிங் சராசரி .168. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021-இல், ஓய்வை அறிவித்தார். எதிர்ப்பக்கத்தில் டாம்பா பே ரேஸ் 2008-இல் எவன் லொங்கோரியாவை மேஜர் லீக்கில் ஒரே வாரம்கூட ஆடாத நிலையில் ஆறு ஆண்டுக்கு 1.75 கோடி டாலருக்குக் கட்டியது. அதற்கு மேல் மூன்று ஆண்டு நீட்டிக்கும் உரிமையையும் தன் கையில் வைத்துக்கொண்டது. அட்லாண்டா 2019-இல் ஓசி ஆல்பீஸோடு ஏழு ஆண்டுக்கு 3.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பணம் கொடுக்க வேண்டிய வயது எது என்பதற்கு இந்த மூன்று பெயரும் போதும்.

பேரம் பேசும் வரிசை:

1. ஆட்டக்காரர் கேட்கும் தொகையைப் பார்த்ததும் ஆண்டுகளைக் குறைத்து, ஆண்டுச் சம்பளத்தைச் சற்று உயர்த்திக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டு 15 கோடியை விட மூன்று ஆண்டு 9 கோடி பெரும்பாலும் நல்லது. ஆண்டுக்கு 50 லட்சம் கூடினாலும் மொத்தத்தில் 6 கோடி மிச்சம்.

2. இந்த ஆண்டு பட்ஜெட்டில் இடம் மிஞ்சியிருந்தால் முதல் ஆண்டுகளில் அதிகமும் கடைசி ஆண்டுகளில் குறைவும் வருமாறு எழுத வேண்டும். பின்னால் டிரேட் செய்யும்போது மிச்சமிருப்பது சிறிய தொகை என்பதால் வாங்க ஆள் கிடைக்கும்.

3. கடைசி ஆண்டை அணி விருப்ப ஆண்டாகக் கேட்க வேண்டும். நீட்டிக்காவிட்டால் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை சிறியதாக இருக்கட்டும்.

4. ஆட்டக்காரர் விருப்ப ஆண்டைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். நன்றாக ஆடினால் அவர் போய்விடுவார், மோசமாக ஆடினால் தங்கிவிடுவார். இரண்டிலும் இழப்பு அணிக்கே.

5. டிரேட் தடை உரிமையைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுப்பது மலிவாகத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் அணியைக் கலைத்துக் கட்ட வேண்டி வந்தால் அதுவே காலைக் கட்டும்.

*எச்சரிக்கை:* ஆட்டக்காரரை விடுவித்தால் சம்பளம் கணக்கிலிருந்து போகாது. ஒப்பந்தம் முடியும்வரை ஆள் இல்லாமலே தொகை நிற்கும். நிஜத்தில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் பாபி பொனியா. நியூயார்க் மெட்ஸ் தரவேண்டியிருந்த 59 லட்சம் டாலரைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டதால், 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் அவருக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுத்துவருகிறது.

லக்சுரி டாக்ஸ்

அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி. 2026-இல் மேஜர் லீக் வரம்பு 24.4 கோடி டாலர். முதன்முறை தாண்டினால் 20 விழுக்காடு, தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு முதல் 50. ஒரு கோடி அதிகமானால் வரி முறையே 20 லட்சம், 30 லட்சம், 50 லட்சம். 2 கோடிக்கு மேல் தாண்டினால் இதன் மேல் கூடுதல் வரியும் உண்டு. ஒரே ஓர் ஆண்டு வரம்புக்குள் வந்துவிட்டால் விகிதம் மீண்டும் 20-க்குத் திரும்பும். பெரிய அணியை ஆள்பவர் மூன்றாம் ஆண்டை அதற்கென ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

ஒரு நுணுக்கம். நிஜ விதியில் இந்த வரி, அந்த ஆண்டு கையில் கொடுக்கும் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைப் பார்க்கிறது. 1, 1.5, 2, 2.5, 3 கோடி என ஏறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு பட்ஜெட்டிலிருந்து போவது 1 கோடி, வரிக் கணக்கில் ஏறுவது 2 கோடி. ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு எழுதிய 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 20 லட்சமே உடனே கொடுக்கப்படுகிறது, மீதி பின்னாளுக்கு. வரிக் கணக்கிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 4.6 கோடி ஏறுகிறது. ஆடும் லீக்கில் வரி எந்தத் தொகையின் மேல் விழுகிறது என்பதை விதிகள் பக்கத்தில் உறுதி செய்த பிறகே சம்பள அட்டவணையில் வரிக்கென ஒரு வரிசை சேர்க்க வேண்டும்.

ஆண்டு முழுதும் செய்ய வேண்டியவை

1. உலகத் தொடர் முடிந்ததும் விருப்ப ஆண்டுகளை முடிவு செய்க. நாள் தவறினால் ஆள் போய்விடுவார்.

2. வெளியேறப்போகும் பெரிய ஆட்டக்காரருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஓராண்டு ஒப்பந்த வாய்ப்பைக் கொடுக்கலாமா என்று பார்க்க. 2025 இலையுதிர் காலத்தில் அது 2.2025 கோடி டாலர். அவர் மறுத்து வேறு அணிக்குப் போனால் ஈடாக டிராஃப்ட் வாய்ப்புக் கிடைக்கும். அவர் ஏற்றுக்கொண்டால் அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்பதே முதற்கேள்வி.

3. ஆர்பிட்ரேஷன் கெடுவுக்கு முன் ஒவ்வொரு பெயருக்கும் முடிவு எழுதுக. எதிர்பார்க்கும் சம்பளத்துக்கு ஈடாக ஆடாதவரை முதலில் டிரேட் செய்யப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

4. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையின் முதல் வாரங்களில் ஒரே ஒரு முக்கிய இடத்துக்கு மட்டும் ஏலம் கேட்க வேண்டும். மற்ற இடங்களுக்குப் பிப்ரவரி வரை பொறுத்திருக்கலாம். மற்ற அணிகளின் பட்ஜெட் தீர்ந்த பின் மிஞ்சியவர்கள் கேட்கும் தொகை வெகுவாக இறங்கும். பொறுமைக்கு இந்த விளையாட்டு கொடுக்கும் மிகப் பெரிய பரிசு இது.

5. டிராஃப்டில் போனஸ் ஒதுக்கீட்டைத் தாண்டக் கூடாது. நிஜ விதிப்படி 5 விழுக்காடு வரை தாண்டினால் மிகைத் தொகைக்கு 75 விழுக்காடு வரி. அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பும் பறிபோகும்.

6. ஜூலை இறுதியின் டிரேட் கெடுவுக்கு இரண்டு வாரம் முன் அட்டவணையைத் திருத்துக. பட்டத்துக்கு வாய்ப்பில்லாவிட்டால் ஒப்பந்தம் முடியப்போகிறவர்களை விற்க அதுவே காலம்.

கணக்கு சிவப்பில் போனால்

பதற்றத்தில் நட்சத்திரத்தை விற்பதுதான் முதல் பிழை. அவரை விற்றால் வெற்றி குறையும், ரசிகர் ஆர்வம் குறையும், அடுத்த ஆண்டு பட்ஜெட்டும் குறையும். கீழ்க்கண்ட வரிசையில் போக வேண்டும்:

1. ஒப்பந்தம் நீண்டு கிடக்கும், 30 வயதைத் தாண்டிய, இன்னும் ஓரளவு ஆடும் ஆட்டக்காரரை முதலில் சந்தையில் வைக்க வேண்டும். ஆட்டம் முழுதும் விழும்வரை காத்திருந்தால் வாங்க ஆளிருக்காது.

2. யாரும் எடுக்காவிட்டால் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்பதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 2 கோடி வாங்குபவருக்கு 40 விழுக்காட்டைத் தாங்கினாலும் 1.2 கோடி விடுதலை.

3. நல்ல இளைஞரை மோசமான ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுவது கடைசி வழி. இன்றைய பாரம் இறங்கும், ஆறு மலிவான ஆண்டுகள் கைமாறிப் போகும்.

4. மற்ற அணிகள் கைவிட்டு வெய்வர் பட்டியலில் வரும் ஆட்டக்காரரைப் பிடிக்கும் முன் அவருடைய மிச்ச ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். பிடித்த மறுகணம் அது சொந்தச் சுமையாகிவிடும்.

கஜானாவும் சொந்தப் பையும்

மேலே சொன்னதெல்லாம் விளையாட்டுக்குள் ஓடும் கற்பனைப் பணம். அதே நிரலில் ‘பெர்ஃபெக்ட் டீம்’ என்ற பகுதியில் ஆட்டக்காரர் அட்டைப் பொதிகளை உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். ‘எம்எல்பி தி ஷோ’-வின் ‘டயமண்ட் டைனஸ்டி’யிலும் ‘ஸ்டப்ஸ்’ என்ற நாணயம் அப்படியே விற்கப்படுகிறது. பொதிக்குள் யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டிலும் ஆடியே புள்ளியும் நாணயமும் சேர்க்க முடியும் என்பதால் அட்டை எண்ணைக் கணக்கோடு சேமித்து வைக்கத் தேவையில்லை. வீட்டில் சிறுவர்கள் அதே கணினியையோ கன்சோலையோ பயன்படுத்தினால், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து, செலவுக்கு மாத வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் முதல் நாளே செய்துவிட வேண்டும்.